ரோடு லீவர், மலைக் கியர்: கிராவல் சைக்கிளில் எது எதோடு சேரும்?

கையில் ஒரு ஜோடி 105 லீவர் (ஷிமானோவின் ரோடு சைக்கிள் வரிசையின் பிரேக்-கியர் லீவர்) சும்மா கிடக்கிறது. பழைய எம்டிபியில் (மலைச் சைக்கிளில்) ஒரு எக்ஸ்டி டீரெய்லர், அதாவது செயினைப் பல்சக்கரம் மாற்றிப் போடும் பாகம், நல்ல நிலையில் இருக்கிறது. இரண்டுமே ஷிமானோ, இரண்டுமே 11 ஸ்பீடு, அதாவது பின்னால் 11 பல்சக்கரங்களுக்கானவை. கிராவல் (சரளைப் பாதைக்கான) ஃபிரேம் ஒன்றை வாங்கி இரண்டையும் மாட்டினால் வண்டி ரெடி என்றுதான் யாருக்கும் தோன்றும். மாட்டலாம், கியர் விழாது.

காரணம் கேபிள் இழுப்பு. லீவரை ஒரு கிளிக் தட்டினால் எவ்வளவு கேபிள் இழுபடுகிறது, அதை டீரெய்லர் எத்தனை மடங்காக்கி நகர்கிறது என்ற இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். வரும் விடை கேசட்டில் (பின் பல்சக்கர அடுக்கில்) ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரமாக இருக்க வேண்டும். 11 ஸ்பீடில் அது 4 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஷிமானோ ரோடு 11 லீவர் கிளிக்குக்குச் சுமார் 2.7 மி.மீ. இழுக்கும். ரோடு டீரெய்லர் அதை 1.4 மடங்காக்கும், கணக்கு சரியாக வரும். எம்டிபி 11 டீரெய்லரின் பெருக்கமோ 1.1தான். ஒரு கிளிக்குக்கு 3 மி.மீ.கூட நகராது. மூன்று கிளிக் போனதும் 2 மி.மீ.க்குமேல் பாக்கி விழுந்து, செயின் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நின்று கரகரக்கும். பேரல் அட்ஜஸ்டரை (கேபிளை இறுக்கும் திருகை) எவ்வளவு திருகினாலும் தொடங்கும் இடம்தான் மாறும், தப்பு அப்படியே இருக்கும். கடைகளில் ‘கேபிள் புதுசு, இழுபட்டுச் சரியாகிவிடும்’ என்று அனுப்பிவைப்பதில் பாதி இந்தக் கேஸ்தான்.

ஆகவே கலப்பு வண்டியில் லீவரை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரட்டும்.

பழைய 10 ஸ்பீடு லீவர் இருக்கிறதென்றால் (டியாக்ரா 4600, 105 5700) ரொம்ப மலிவான வழி ஒன்று உண்டு. 9 ஸ்பீடு காலத்து டியோர் அல்லது அலிவியோ டீரெய்லர், அதோடு 10 ஸ்பீடு 11-36 கேசட் (சின்னதில் 11 பல், பெரியதில் 36). இழுப்பு அச்சாகப் பொருந்தும். பெரும்பாலானவற்றில் 34 பல் வரைதான் என்று எழுதியிருக்கும். பி ஸ்க்ரூவை (டீரெய்லரைக் கேசட்டிலிருந்து தள்ளிவைக்கும் திருகை) நன்றாக உள்ளே திருகினால் 36-ம் ஏறிவிடும். இதில் கிளட்ச் (செயின் ஆடாமல் டீரெய்லரை இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு) கிடையாது என்பதுதான் குறை. சரளையில் இறங்கும்போது செயின் ஃபிரேமை அடித்துக்கொண்டே வரும். முன்னால் ஒற்றைச் சக்கரம் போட்டால் கழன்று விழவும் செய்யும். அதனால் இரட்டைச் சக்கரத்தோடு மட்டும் இதை யோசியுங்கள். ஒரு பொறி: டியாக்ரா 4700-ம் 10 ஸ்பீடுதான், ஆனால் அதன் இழுப்பு 11 ஸ்பீடு கணக்கு. இந்தக் கூட்டில் அது சேராது.

11 ஸ்பீடு லீவரையும் எக்ஸ்டி டீரெய்லரையும் எப்படியாவது சேர்த்தே தீரவேண்டும் என்றால் உல்ஃப் டூத் விற்கும் டேன்பேன் என்ற சின்னக் கப்பி இருக்கிறது. குறைந்த இழுப்பை அது கூட்டிக் கொடுக்கும், 11-46 கேசட்கூட ஓடும். வேலை செய்கிறது, உண்மைதான். ஆனால் கேபிள் சின்ன கப்பியைச் சுற்றி வளைவதால் அந்த இடத்தில்தான் முதலில் இழை இழையாகப் பிரியும், சேறும் அங்கேதான் சேரும். டீரெய்லர் ஏற்கெனவே கையில் இருந்தால் செய்யலாம். புதிதாக இரண்டையும் வாங்கி இப்படிப் பொருத்துவதில் எந்த நியாயமும் இல்லை.

ஏனென்றால் 2019இல் வந்த, ஷிமானோவின் கிராவல் வரிசையான ஜிஆர்எக்ஸ் 11 ஸ்பீடு டீரெய்லர்கள் ரோடு லீவரின் இழுப்புக்கே செய்யப்பட்டவை, கிளட்சும் உண்டு. 105 ஆர்7000 லீவரோடு எந்தக் கப்பியும் இல்லாமல் ஓடும். ஆர்எக்ஸ்812 ஒற்றைச் சக்கரத்துக்கு, 42 பல் வரை. ஆர்எக்ஸ்810 இரட்டைக்கு, 34 வரை.

ஷிமானோவின் போட்டி நிறுவனமான ஸ்ராம் பக்கம் கதை தலைகீழ். ஏபெக்ஸ் 1, ரைவல் 1 போன்ற 11 ஸ்பீடு கேபிள் லீவர்கள் ஸ்ராமின் 10 ஸ்பீடு எம்டிபி டீரெய்லரோடு சேரும், 11 ஸ்பீடு எம்டிபி டீரெய்லரோடு சேராது.

ஒற்றையா, இரட்டையா

முன்னால் ஒற்றைச் சக்கரம் என்றால் கியருக்குக் கியர் இடைவெளி அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஷிமானோவின் இரண்டு கேசட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 11-34: 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. எக்ஸ்டி 11-42: 11, 13, 15, 17, 19, 21, 24, 28, 32, 37, 42. முதல் ஆறு சக்கரங்களும் ஒன்றே. சமதளத்தில் வேகமாகப் போகும்போது இடைவெளியில் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் 21-க்குப் பிறகுதான், அதாவது ஏற்றத்தில். 11-34இல் அடுத்தடுத்த தாவல் 8 முதல் 13 சதவீதம், 11-42இல் 14 முதல் 17. மிதமான ஏற்றத்தில் ஒரு கியர் கனமாகவும் அடுத்தது காலுக்கு வெறுமையாகவும் தெரிவது இதனால்தான்.

700×40 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும். முன்னால் 46-30, பின்னால் 11-34 என்றால் கடைசிக் கியரில் நிமிடத்துக்கு 60 மிதி மிதித்து மணிக்கு 7 கி.மீ. போகலாம். 40 பல் ஒற்றை, பின்னால் 42 என்றால் அதே மிதிக்கு ஏழரை. அரைக் கிலோமீட்டர்தானே என்று தோன்றும். பையோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுகிறவருக்கு அந்த அரை முட்டியில் தெரியும். மேல் பக்கம் 90 மிதியில் ஒற்றை 43-இல் நிற்கும், இரட்டை 50-ஐத் தொடும். மலை ஏற்றமும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டத்துக்கு இரட்டைதான் என் தேர்வு. சேறு, காட்டுப்பாதை, குறைந்த பராமரிப்பு என்றால் ஒற்றை.

இரட்டை போடுகிறவர் ஒன்றை மறக்கக்கூடாது. ஜிஆர்எக்ஸ் கிராங்க் (மிதியும் முன் பல்சக்கரமும் பொருந்தும் பாகம்), அகல டயருக்கு இடம் கொடுக்க ரோடு கிராங்கைவிட 2.5 மி.மீ. வெளியே நிற்கும். அதற்கு ஜிஆர்எக்ஸ் முன் டீரெய்லரே வேண்டும். கையிலிருக்கும் 105 முன் டீரெய்லர் பெரிய சக்கரம் வரை எட்டாது.

பட்ஜெட் இறுக்கம், லீவரும் இல்லை என்றால் மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் எக்ஸ். 10 ஸ்பீடு, 11-48, சாதாரண ஷிமானோ எச்ஜி ஹப்பிலேயே (பின் சக்கரத்தின் நடுப்பகுதியிலேயே) ஏறும், கிளட்ச் உண்டு. 40 பல் சக்கரத்தோடு கடைசிக் கியர் 6.6 கி.மீ., மேலே சொன்ன இரண்டையும்விட இலகு. கடைசித் தாவல் 40-இலிருந்து 48, இருபது சதவீதம். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதன் லீவரும் டீரெய்லரும் தங்களுக்குள் மட்டுமே சேரும், ஷிமானோவோடு கலக்காதீர்கள்.

பிரேக்

கேபிள் லீவருக்கு இரண்டு நல்ல காலிப்பர்கள் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகங்கள்): டிஆர்பி ஸ்பைர், டிஆர்பி ஹைரோடு. ஸ்பைரில் இரண்டு பக்கப் பேடும் நகரும். தேய்மானத்தை 3 மி.மீ. அலன் கீயால் இரு பக்கமும் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஹைரோடு கேபிளால் இழுக்கப்படும் ஹைட்ராலிக், பேட் தேய்மானத்தைத் தானே ஈடுகட்டும். ஒரே நிபந்தனை, காலிப்பரில் கேபிள் இழுக்கும் கை முழுவதும் தளர்ந்து ஓய்வு நிலைக்குத் திரும்பவேண்டும். லீவர் லூசாக இருக்கிறதே என்று பேரல் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் இறுக்கினால், உள்ளே எண்ணெய் வரும் துளை அடைபடும். அப்புறம் பேட் தேயத் தேய லீவர் ஹேண்டில்பார்வரை வரும். நீண்ட இறக்கத்தில் சூடான எண்ணெய் திரும்பிப் போக வழியின்றி டிஸ்க் உரசவும் தொடங்கும். குற்றம் காலிப்பர்மேல் விழும்.

இரண்டுக்குமே கம்ப்ரெஷன்லெஸ் அவுட்டர் கேபிள் (அழுத்தத்தில் சுருங்காத வெளியுறை) போடுங்கள். கூடுதல் செலவில் பிரேக்கில் இவ்வளவு வித்தியாசம் தருவது வேறில்லை. எம்டிபிக்கான பிபி7 காலிப்பரைத் தவிர்க்கவும். ரோடு லீவரின் குறைந்த இழுப்புக்கு அது பிடிப்பதற்குள் லீவர் பாரைத் தொட்டுவிடும். முழு ஹைட்ராலிக்கில் ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் 5.1. மாற்றி ஊற்றினால் சீல் ஊதிப்போகும்.

கோக்கும்போது

மேலே சொன்ன 11-34, 11-42 இரண்டும் 10 ஸ்பீடு நீள ஹப் உடலுக்கானவை. ரோடு 11 ஹப்பில் போடும்போது பின்னால் 1.85 மி.மீ. ஸ்பேசர் போட்டாக வேண்டும். விட்டுவிட்டால் லாக்ரிங் (கேசட்டைப் பூட்டும் வளையம்) 40 நியூட்டன் மீட்டரில் இறுகிவிடும், கேசட் மட்டும் கையால் ஆட்டினால் ஆடும். கியர் ஒரு நாள் சரி, மறுநாள் கரகர. டீரெய்லரைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஹேங்கரையும் (ஃபிரேமில் டீரெய்லர் மாட்டும் காதை) அளவுகோல் வைத்துப் பாருங்கள், ஃபிரேம் புதிதாக இருந்தாலும். ரிம்மில் நான்கு இடத்தில் அளந்து 4 மி.மீ.க்குமேல் வித்தியாசம் வந்தால் நிமிர்த்த வேண்டும். பிஎஸ்ஏ பாட்டம் பிராக்கெட்டின் (கிராங்க் அச்சு சுழலும் திருகுப் பாகத்தின்) வலது கப் இடமரை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். அலுமினிய ஃபிரேமில் பலவந்தமாக மாற்றித் திருகினால் மரை போனது போனதுதான்.

செயின் நீளத்துக்கு, டீரெய்லர் வழியாகக் கொண்டுபோகாமல் முன் பெரியது, பின் பெரியது இரண்டையும் சுற்றிப் போட்டு, சந்திக்கும் இடத்திலிருந்து உள்கண்ணி ஒன்று, வெளிக்கண்ணி ஒன்று கூட்டி வெட்டுங்கள். வேறு கேசட்டுக்கு அளந்து வைத்த பழைய செயினை 11-42-க்கு அப்படியே போடாதீர்கள். குட்டையாக இருந்தால் முதல் ஏற்றத்தில் கடைசிக் கியருக்குத் தட்டும்போது ஹேங்கர் முறியும்.