பழைய பெல்ட்டில் செய்த தோல்வார்: ஆறு மாத அனுபவம்

சவரக்கத்தியைத் தீட்ட காசு கொடுத்து வாங்கிய தோல்வாரை இரண்டாவது வாரமே அறுத்துவிட்டேன். சவரக்கத்தியை வாரின் கோடியில் திருப்பும்போது முதுகு தோலிலேயே இருக்க, வாய்ப்பக்கம் மேலெழும்பித் திரும்ப வேண்டும். அவசரத்தில் நான் மாற்றிப் புரட்ட, நட்டநடுவில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அந்த வயிற்றெரிச்சலில் இருந்தபோதுதான் அலமாரியில் சுருண்டு கிடந்த பழைய பெல்ட் கண்ணில் பட்டது.

எல்லா பெல்ட்டும் இதற்கு ஆகாது. குறுக்கே வெட்டிப் பாருங்கள். முழுக்க நார் நாராக இருந்தால் தோல். நடுவில் அட்டையும் மேலே ஏடு போல ஒரு பூச்சும் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். ஓரத்தில் தையல் ஓடுவதும் வேண்டாம், கத்தி நூலில் தட்டும். என்னுடையது 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஒற்றைத் தோல். பக்கிளையும் துளை விழுந்த வாலையும் கழித்துவிட்டு, தேறியதில் ஒரு அடியை நேரான மரப்பட்டையில் செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டினேன். தொங்கவிடும் வாரைத் தொய்வாகப் பிடித்தால் கத்தியின் வாய் உருண்டுவிடும். மரத்தில் ஒட்டியதில் அந்தக் கவலை இல்லை.

முதல் நாள் ஏமாற்றம்தான். கத்தி கண்ணாடி மேல் போவது போல வழுக்கிக்கொண்டு போனது. பெல்ட்டின் மேல்பூச்சு செய்த வேலை! 400 நம்பர் உப்புத்தாளை ஒரு கட்டையில் சுற்றி, பளபளப்பு போகும்வரை தேய்த்தேன். பிறகு ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தேன். ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் கத்தியில் பல் விழும். உலர்ந்ததும் உள்ளங்கையால் சூடேறத் தேய்த்தால் போதும். இப்போது கத்தியை இழுக்கும்போது தோல் லேசாகப் பிடிக்கிறது, அந்தப் பிடிதான் வேண்டியது.

குறை என்றால் அகலம். பெல்ட் 35 மில்லிமீட்டர், கத்தி அதைப்போல இரண்டு மடங்கு நீளம். அதனால் நேராக இழுக்க முடியாது. கத்தியின் அடியில் தொடங்கி நுனியில் முடியும்படி சாய்த்து இழுக்க வேண்டும். கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. சவரத்துக்கு முன் 50 இழுப்பு. கன்னத்தில் பழைய வாருக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. மேலுதட்டில் மட்டும் பழையது ஒரு மயிரிழை மேல்.

மரத்தின் பின்பக்கம் மிச்சத் தோலை ஒட்டி, குரோமியம் ஆக்சைடு என்ற பச்சை மெருகுப் பசை பூசி வைத்திருக்கிறேன். கத்தி முடியைப் பிடித்து இழுக்கத் தொடங்கினால் அதில் பத்து இழுப்பு. அதற்காக மொண்ணைக் கத்தியை இதில் தேற்றலாம் என்று நினைக்காதீர்கள், அதற்குச் சாணைக்கல்தான்.

மூன்றாம் மாதம் இதிலும் ஒரு வெட்டு விழுந்தது. கிளம்பிய பிசிரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அன்றைக்கே சவரம் செய்தேன்.