கிறவல் ஒழுங்கைக்குத் தாரும் சல்லிக்கல்லும்: ஏழெட்டு வருடப் பாவனைக்குப் பிறகு

எங்கள் ஒழுங்கைக்கு முதன்முதலாகத் தார் தெளித்துச் சல்லிக்கல் போட்டது 2018 தொடக்கத்தில். அதற்கு முன் அது வெறும் கிறவல் பாதை. அக்கம்பக்கத்து ஒழுங்கைக்காரர்கள் இப்போது என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: இந்த றோட்டு நின்றுபிடிக்கிறதா, இல்லை, காபட் (சூடான தார்க்கலவையை விரித்துப் போடும் வீதி) வரும்வரை பொறுத்திருக்கலாமா? பொறுத்திருக்கவே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஓட்டோ, மோட்டார் சைக்கிள், இடைக்கிடை ஒரு லொறி என்று ஓடும் வீதிக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தண்ணீர் ஓட வழி செய்யாமல் போட்டால், போட்ட காசு முழுவதும் அடுத்த இரண்டு மாரியில் கரைந்துவிடும்.

கொழும்பு என்றதும் காலி வீதியும் புறக்கோட்டையும்தான் பலருக்கு நினைவு வரும். மாவட்டத்தின் கிழக்குக் கோடி அவிசாவளை. ஹைலெவல் வீதியில் ஹோமாகமவைத் தாண்டி உள்ளே போகப் போக இறப்பர்த் தோட்டமும் ஏற்ற இறக்கமும் தொடங்கிவிடும். எங்கள் வீடு அந்தப் பக்கம். நான் கொழும்புக்கு வேலைக்கு வந்து போகிறவன். பஸ் வீதியிலிருந்து வீட்டுக்கு ஒரு கிலோமீற்றர் கூட இராது. ஆனால் கிறவலாக இருந்த காலத்தில் அந்தத் துண்டுதான் முழுப் பயணத்தையும்விட அலுப்பு. கொழும்பு நகரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. எங்கள் பக்கம் அதைவிடக் கூட. கிறவல் போட்டால் அடுத்த மே மாத மழையோடு பாதிக் கிறவல் வயலில் கிடக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்போடு சந்திவரை நடந்து, அங்குள்ள கடை வாசலில் கால் கழுவி, பையில் கொண்டுவந்த வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மழை விட்டால் புழுதி. கொடியில் காயப்போட்ட துணி செம்மண் நிறமாகிவிடும்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது. பழைய பாதையைச் சீவிச் சமப்படுத்தி, ஏபீசீ என்று அவர்கள் சொல்கிற, பெரிதும் சிறிதும் தூளுமாகக் கலந்த கருங்கல்லைப் பரப்பி, நனைத்து, றோலரால் இறுக்கினார்கள். அதிக நாள் எடுத்தது இதற்குத்தான். "எப்ப தார் போடுவீங்க?" என்று எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்தோம். வேலையை மேற்பார்த்த ஓவசியர் வயதான மனிதர், ஊவாப் பக்கத்துக்காரர். "தம்பி, தார் வந்து மழைக்கோட்டு மாதிரி. அது பாரம் தூக்காது. பாரத்தைத் தூக்குறது கீழ இருக்கிற கல்லுதான். அதை இறுக்காம மேல என்னத்தைப் போட்டாலும் வீண்" என்றார்.

கல் வந்த அன்று அவர் செய்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. டிப்பர் கொட்டிய குவியலில் ஒரு கை அள்ளி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தேய்த்து, கையை விரித்துக் காட்டினார். மாவு பூசினாற்போல வெள்ளை. "இது ஒட்டாது" என்று சொல்லி, தண்ணீர் பவுசரை வரவழைத்து அந்தக் குவியலைக் கழுவச் செய்தார். கல்லில் தூசி இருந்தால் தார் தூசியைப் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது; முதல் மழையிலேயே கல் கழன்று வரும். நாங்கள் பாவித்தது குளிர்ந்த தார்க்குழம்பு. அதற்குக் கல் ஈரமாக இருப்பதில் குற்றமில்லை, தூசிதான் ஆகாது. உங்கள் ஒழுங்கைக்கு வேலை வந்தால் நீங்களும் ஒரு கை அள்ளித் தேய்த்துப் பாருங்கள்.

அந்தத் தார்க்குழம்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தார், மீதி தண்ணீர். தெளிக்கும்போது மண்ணிறமாக இருக்கும். தண்ணீர் பிரியப் பிரியக் கறுப்பாகும். கறுக்கும் முன் கல் விழுந்துவிட வேண்டும். அதனால் ஒருவர் தெளித்துக்கொண்டு போக, பின்னாலேயே ஆட்கள் தாச்சியால் கல்லை வீசிக்கொண்டு ஓடினார்கள். முதல் படைக்கு 20 மில்லிமீற்றர் கல், அதை உருட்டிய பின் இரண்டாம் முறை தார், மேலே 10 மில்லிமீற்றர் கல். சின்னக் கல் பெரிய கல்லின் இடுக்குகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். பொறியியலாளர்கள் இதை இரட்டைச் சிப் சீல் என்கிறார்கள். நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்காவில் தார் போட்ட நாட்டுப்புற வீதிகளில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான், ஆகவே இது ஏழை நாட்டுக்கென்று ஒதுக்கிய மலிவுச் சரக்கு என்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. உதிரிக் கல் உருண்டுகொண்டே இருந்தது. சந்தித் திருப்பத்தில் மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் சறுக்கி முழங்கை உரித்துக்கொண்டான். வேன் போனால் கல் தெறிக்கும். பலர் "வேலை சரியில்லை" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். உண்மையில் வேலை அப்போது முடியவே இல்லை. 1930களில் ஹான்சன் என்ற நியூசிலாந்துப் பொறியியலாளர் இதை அளந்து பார்த்திருக்கிறார். கல்லைக் கொட்டியதும் கல்லுக்குக் கல் இடைவெளி ஏறத்தாழ 50 சதவீதம். றோலர் ஓடிய பின் 30. வாகனங்கள் ஓடி ஓடிக் கடைசியில் 20. அதாவது கல்லைப் புரட்டி, தட்டையான பக்கம் கீழே வரும்படி படுக்கவைப்பது நம்முடைய டயர்கள்தான். அதற்காகத்தான் முதல் சில நாள் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். மணிக்கு 30 கிலோமீற்றருக்குள் போனால் கல் படியும். வேகமாகப் போனால் தெறிக்கும். அப்புறம் ஒரு நாள் உதிரிக் கல்லைக் கூட்டி அள்ளிவிட்டார்கள், சரியாகிவிட்டது.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் ரூபாய்க் கணக்குச் சொல்வதில்லை, விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. பொருள் கணக்கைப் பாருங்கள். 3 மீற்றர் அகலம், 1 கிலோமீற்றர் நீளம் என்றால் 3,000 சதுர மீற்றர். 50 மில்லிமீற்றர் காபட்டுக்கு ஏறத்தாழ 350 தொன் சூடான கலவை வேண்டும். அதில் தார் மட்டும் 17 தொன் அளவு. இரட்டைப் படைக்கு நூறு தொன் சொச்சம் கல், 7 தொன் அளவு தார். பிறகு மறுபடி ஒற்றைப் படை போடும்போது 40 தொன் கல், மூன்றரைத் தொன் தார் போதும். சூடான கலவை செய்யும் பிளாண்ட் வேண்டாம், கலவை ஆறும் முன் கொண்டுவந்து சேர்க்கும் லொறி வரிசை வேண்டாம், காபட் விரிக்கும் பெரிய இயந்திரம் எங்கள் ஒழுங்கைத் திருப்பத்தில் திரும்பவும் மாட்டாது.

காபட்டில் இன்னொரு தொல்லையை நகரத்துக்குள் பார்த்திருக்கிறேன். சின்ன ஒழுங்கைகளில் காபட்டின் மேல் காபட் போட்டு, வீதி வீட்டு வாசற்படிக்கு மேலே உயர்ந்து, மழைத்தண்ணீர் முற்றத்துக்குள் வந்துவிடுகிறது. இந்தக் கல்படை இரண்டு சென்றிமீற்றர் அளவுதான் உயர்த்தும்.

ஓட்டிப் பார்த்த அனுபவத்துக்கு வருகிறேன். மழையில் பிடிப்பு மிக நல்லது. கல் துருத்திக்கொண்டு நிற்பதால் தண்ணீர் இடுக்கில் இறங்கி, டயர் கல்லின் மேல் நிற்கிறது. எங்கள் இறக்கத்தில் கொட்டும் மழையிலும் மோட்டார் சைக்கிள் பிரேக் பயமில்லாமல் பிடிக்கும். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் கூசுவதும் குறைவு. சத்தம் அதிகம், காருக்குள் இருந்தால் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். சைக்கிளுக்குக் கொஞ்சம் பாரம். சக்கர நாற்காலியில் போகும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இது சொகுசான வீதி அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைகள் விழுந்தால் காபட்டைவிட இதில் தோல் அதிகம் உரியும்.

மார்ச், ஏப்ரல் வெயிலில் சில இடங்களில் தார் மேலே கசியும். கறுப்பாகப் பளபளக்கும், செருப்பு ஒட்டும், மழை பெய்தால் அந்த இடம் மட்டும் வழுக்கும். இரண்டு முறை தெளித்த ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தார் கூடிப்போன இடங்கள் அவை. உச்சி வெயிலில் அதன்மேல் சின்னக் கல் தூவி வாகனம் ஓடவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பலா மர நிழல் விழும் துண்டில் வேறு தொல்லை: அது காய்வதே இல்லை, ஓரத்தில் பாசி பிடிக்கிறது. கிளையை வெட்டி வெயில் விட்ட பிறகுதான் அந்த இடம் தேறியது.

ஏற்றமும் திருப்பமும் சேரும் இடத்துக்கு இந்த முறை சரிவராது. லொறி முதல் கியரில் ஏறும்போது பின் டயர் கல்லைச் சுரண்டி எடுக்கிறது. எங்கள் ஓவசியர் அதை முன்கூட்டியே சொல்லி அந்தத் துண்டை மட்டும் கொங்கிறீற்றாகப் போடவைத்தார். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. வாசலில் நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முறுக்கித் திருப்பும் வண்டிகளும் கல்லைக் கழற்றும். டீசல் சிந்தினால் தார் இளகிவிடும். ஒரு டிப்பர் இரவில் நிறுத்தும் இடத்தில் கை அகலத்துக்குத் தொடங்கியது பிறகு பாய் அகலக் குழியாகிவிட்டது.

மிகப் பெரிய சேதம் வாகனத்தால் வந்ததே அல்ல. குழாய் பதிக்க வந்த ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆட்கள் வீதியைக் குறுக்கே வெட்டி, தோண்டிய மண்ணையே தள்ளி மூடி, மேலே கொஞ்சம் சீமெந்துக் கலவையை ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். மண் இறங்கியது, தண்ணீர் தேங்கியது, அடியில் இருந்த ஏபீசீ ஊறியது. வெட்டிய கோட்டின் இரண்டு பக்கமும் முதலை முதுகு போல வெடித்துக் குழி விழுந்தது. இளைஞர்கள் நல்ல மனதோடு கிறவலும் உடைந்த ஓடும் போட்டு நிரப்பினார்கள், ஆனால் அது தண்ணீரை இன்னும் பிடித்துவைத்தது. குழியைச் சதுரமாக வெட்டி, ஈரமண் எல்லாவற்றையும் எடுத்து, ஏபீசீயைப் படை படையாக இடித்து இறுக்கி, மேலே தாரும் கல்லும் போட்ட பிறகே அந்த இடம் நின்றது. வெட்டுபவர்களிடம் முன்வைப்புப் பணம் வாங்கி, பழையபடி செய்து கொடுத்தால்தான் திருப்பிக் கொடுப்பது என்று கண்டிப்பாக நடந்தால் எத்தனையோ ஊர் வீதிகள் தப்பும். எனக்கு இதில் உண்மையிலேயே ஆத்திரம் உண்டு.

இந்தப் படைக்கு ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள் மேலே இன்னொரு படை போட வேண்டும். வெயிலிலும் காற்றிலும் தார் இறுகிக் காய்ந்துபோகும், பிறகு கல் தானாகக் கழலும். எங்களுக்கு அந்தக் காலம் நெருங்கியபோதுதான் 2022 வந்தது. பெற்றோலுக்கே நாள் கணக்காக வரிசையில் நின்ற காலம், தாரைப் பற்றி யாரிடம் பேசுவது? வேலை தள்ளிப்போனது. கடைசியில் 2025 தை மாதம், மழை குறைந்திருந்த நேரம் பார்த்து, முதலில் குழிகளைச் சரிசெய்து, கூட்டித் துப்புரவாக்கி, 10 மில்லிமீற்றர் கல்லில் ஒற்றைப் படை போட்டார்கள். பின்னேர இடிமழை தொடங்கும் பங்குனிக்குள் முடித்தது நல்லதாயிற்று. தார்க்குழம்பு பிடிக்கும் முன் மழை விழுந்தால் அத்தனையும் வீதியோரக் கானில் (வடிகாலில்) மண்ணிறமாக ஓடிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, வீதியின் மேல் பாதி புதிதுபோலவும் கீழ்ப் பாதி ஒட்டுப்போட்டும் கிடக்கிறது. அதே கல், அதே தார், அதே ஆட்கள், ஓடும் வண்டியும் ஒன்றுதான். மேல் பாதியில் இரண்டு பக்கமும் கான் வெட்டி, நடுவீதி உயர்ந்து, தண்ணீர் உடனே வடிந்துவிடுகிறது. கீழ்ப் பாதியில் ஒரு பக்கம் மதில் கட்டியபோது கான் மூடுண்டது. தண்ணீர் வீதி ஓரத்தை அரித்து, ஓரம் இறங்கி, லொறிச் சக்கரம் அந்த விளிம்பில் ஏறி இறங்கி, தார் ஓரம் பிஸ்கட் கடித்ததுபோல உடைகிறது.

அதனால் உங்கள் ஒழுங்கைக்குப் பணம் ஒதுங்கினால், காபட் கேட்டு அரைக் கிலோமீற்றரோடு நிற்பதைவிட, முழு நீளத்துக்கும் இந்தக் கல்படையைக் கேளுங்கள். மிஞ்சும் பணத்தில் கானும் மதகும் கேளுங்கள். வேலை தை, மாசியில் வரும்படி பேசுங்கள். குழாய் பதிக்கிற வேலை ஏதும் இருந்தால் தார் போடும் முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் கீழ்ப் பாதிக்கு இப்போது மதில் வீட்டு அண்ணனோடு பேசிக்கொண்டிருக்கிறோம். மதிலை உடைக்கத் தேவையில்லை, அதன் ஓரமாக மூடியோடு ஒரு சின்னக் கான் போட்டால் தண்ணீர் மதகுக்குப் போய்விடும். அவருக்குச் சம்மதம். மூடிகளை ஒழுங்கையில் உள்ள வீட்டுக்காரர்கள் நாங்களே பங்கு போட்டுக் கட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம். மே மழைக்கு முன் முடிந்துவிட வேண்டும்.