எட்டு வருஷம் சிடிஎம்ஏ, அப்புறம் ஜிஎஸ்எம்: என் அனுபவம்

அப்போது செல்போனில் சிடிஎம்ஏ, ஜிஎஸ்எம் என்று இரண்டு தொழில்நுட்பம் இருந்தது. 2003 நடுவிலிருந்து 2011 வரை, தென்காசிப் பக்கத்தில், நான் சிடிஎம்ஏ போன்தான் வைத்திருந்தேன். வாய்ஸ் தெளிவில் அதை அடிக்க ஆளில்லை. பம்ப்செட் ரூமுக்குள் நின்று நான் சாவகாசமாகப் பேசுவேன், பக்கத்து வீட்டு அண்ணன் ஜிஎஸ்எம் செட்டைத் தூக்கிக்கொண்டு டவர் தேடி வாய்க்கால் கரைக்கு ஓடுவார். என்னுடையது 800 மெகாஹெர்ட்ஸ், அவர் கம்பெனி 1800. தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், அவ்வளவுதான். இன்னொன்று, அவருக்கு போன் வரப்போகிறது என்றால் ரிங் அடிக்கும் முன்பே எங்கள் வீட்டு டிவி 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று சொல்லிவிடும். என் செட்டுக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

சரி, கஷ்டம் எங்கே? 2005-ல் செட் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அண்ணனாக இருந்தால் சிம்மைக் கழற்றி வேறு செட்டில் போட்டிருப்பார். எனக்கு நம்பரே செட்டுக்குள் இருந்தது. திருநெல்வேலி ஷோரூமுக்குப் போனால், எங்களிடம்தான் செட் வாங்கணும் என்றார்கள், வாங்கிய பிறகும் பழைய நம்பரை ஏற்ற நாலு நாள். டைரியைப் பார்த்து ஒவ்வொரு பெயராக மறுபடி அடித்தேன்.

இந்தியாவில் செல்போன் லைசென்ஸ் கொடுத்தபோது அரசு ஜிஎஸ்எம் என்று சொல்லியே கொடுத்தது, 1995-ல் சேவை தொடங்கியது. சிடிஎம்ஏ வந்தது லேண்ட்லைன் கம்பெனிகள் வழியாக, 2001-ல், வயர்லெஸ் லோக்கல் லூப் என்ற பெயரில், அதாவது வயர் இல்லாத லேண்ட்லைன் மாதிரி. அதனால் உன் ஊர் எஸ்டிடி கோடு எல்லை வரைதான் வேலை செய்யும். எனக்கும் முதல் சில மாதம் திருநெல்வேலி பஸ்ஸில் பாதி வழியில் போன் செத்துவிடும். ஜிஎஸ்எம்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், கடைசியில் 2003 நவம்பரில் லேண்ட்லைன், செல்போன் இரண்டுக்கும் ஒரே லைசென்ஸ் என்று ஆனது, அந்த எல்லைக் கட்டும் போனது. தென் கொரியா 1996-லேயே சிடிஎம்ஏ ஒன்றுதான் என்று இறங்கியது, அங்கே செட்டுக்குப் பஞ்சமில்லை. இங்கே இரண்டையும் ஓடவிட்டு, எந்தச் செட் எந்தக் கம்பெனியில் ஓடும் என்ற தலைவலியை வாங்குபவன் தலையில் கட்டினார்கள். என்னைக் கேட்டால் சிடிஎம்ஏ தோற்றது சிக்னலில் இல்லை, மொபைல் கடைக் கண்ணாடிப் பெட்டியில்.

2011 ஜனவரியில் நாடு முழுக்க நம்பர் மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்றதும், அதே நம்பரோடு ஜிஎஸ்எம்முக்கு வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் டிவி 'டிட்டிடிட்' என்றது. அடுப்படியிலிருந்து அம்மா, "ஏலே, பக்கத்து வீட்டு அண்ணனுக்கு போன் வருது போல, போய்ச் சொல்லு" என்றாள்.