ஃபோர்ட் கொச்சி – வைப்பின் ரோரோ: ஐந்து நிமிடப் பயணமும் அதற்கு முன் நிற்கும் வரிசையும்

கொச்சிக்குக் காரில் செல்லும் நம்மூர்க்காரர்கள் பலர், ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பின் தீவுக்கும் இடையே ஓடும் ரோரோவை, அதாவது வண்டிகள் தாமே ஓடி ஏறி இறங்கும் கலத்தை, படகுச் சவாரி என்று எண்ணி ஏறுகிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அக்கரை வந்துவிடும்போது, இவ்வளவுதானா என்று முகம் சுளிக்கவும் செய்கிறார்கள். இதைச் சாலையின் ஒரு பகுதியாக வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அப்படி மதிப்பிடும்போது கடக்கும் நேரம் பின்னுக்குப் போய், துறையில் காத்திருக்கும் நேரமே இந்தச் சேவையின் தரத்தைத் தீர்மானிப்பதாகிவிடுகிறது.

இரண்டு கரைகளும் கொச்சித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு கரையில் நின்றால் மறுகரையில் இருக்கும் வண்டியின் நிறத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் தரைவழியே போக வேண்டுமென்றால் தோப்பும்படி வழியாக எர்ணாகுளத்துக்குள் நுழைந்து, 2004இல் திறக்கப்பட்ட கோஸ்ரீ பாலங்களைக் கடந்து, 15 கிலோமீட்டருக்கு மேல் நகர நெரிசலில் சுற்ற வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மீன் வியாபாரிகள், சரக்கு வண்டிகள் என்று நாள்தோறும் இதை நம்பியிருப்பவர்களுக்கு இது சுற்றுலா அல்ல. கரையோரத்தில் நிற்கும், நமக்குப் புதிதாகத் தோன்றும் சீன மீன்பிடி வலைகளை அவர்களில் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ரோரோ வருவதற்கு முன்பு இங்கே வண்டிகளை அக்கரை சேர்த்தது ஜங்கார். தட்டையான மிதவைத் தளத்தில் வண்டிகளை ஏற்றி, பக்கத்தில் பிணைத்த படகின் விசையால் அதை நகர்த்தும் இந்த முறையைக் கேரளத்தின் காயல்களில் இன்றும் காணலாம். அமைதியான நீரில் அது போதும், கடலும் காயலும் மோதிக்கொள்ளும் முகத்துவாரத்தில் போதாது. இந்த நீர்ப்பரப்பின் ஆபத்தை 2015 ஆகஸ்ட் 26 அன்று நடந்த விபத்து ஊருக்கே உணர்த்தியது. வைப்பினிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த படகின்மீது ஃபோர்ட் கொச்சிக் கரைக்கு அருகில் மீன்பிடி விசைப்படகு ஒன்று மோதியதில் 11 பேர் உயிரிழந்தார்கள்.

இப்போது ஓடுபவை சேதுசாகர் 1, சேதுசாகர் 2 என்னும் இரண்டு கலங்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான இவற்றை நடத்துவது கேரள அரசின் கப்பல் மற்றும் உள்நாட்டு நீர்வழிக் கழகம். கட்டியது கொச்சி கப்பல் கட்டும் தளம். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டிய அதே தளம் இந்தச் சிறு கலங்களையும் கட்டியது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் மதிப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. 2018 ஏப்ரல் 28 அன்று முதலமைச்சர் பினராயி விஜயன் சேவையைத் தொடங்கிவைத்தார். உரிமச் சிக்கலால் அது உடனே நின்றுபோய், மே மாதத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஒரு கலத்தில் 4 லாரிகள், 12 கார்கள், 50 பயணிகள் என்பது அறிவிக்கப்பட்ட கொள்ளளவு. நடைமுறையில் இடைவெளிகளையெல்லாம் இருசக்கர வண்டிகள் நிரப்பிவிடுவதால் இந்தக் கணக்கைத் தளத்தில் நின்று சரிபார்க்க முடியாது.

இந்தக் கலத்தின் சிறப்பு முழுவதும் அது கரையோடு பழகும் விதத்தில் இருக்கிறது. இதற்கு முன், பின் என்று தனித்தனியாக இல்லை. இருபுறமும் சாய்பலகை உண்டு, இருபுறமாகவும் ஓடும். எனவே நடுநீரில் திரும்பும் வேலையும் இல்லை, வண்டிகள் பின்னோக்கி இறங்க வேண்டிய தொல்லையும் இல்லை. ஏறிய திசையிலேயே இறங்கிப் போய்விடலாம். சாய்பலகை கரையில் படிந்ததும் முதல் வண்டி இறங்கத் தொடங்குகிறது, கடைசி வண்டி இறங்கி முடிப்பதற்குள் அடுத்த வரிசை இயந்திரத்தை உயிர்ப்பித்துக்கொண்டு நிற்கிறது. ஏற்றும்போது எடை ஒரு பக்கமாகச் சாயாதபடி லாரி எங்கே, கார் எங்கே என்று கை அசைவிலேயே சொல்லிவிடும் தளப் பணியாளரான லஸ்கரின் திறமையை, கலத்தை ஓட்டும் ஸ்ராங்கின் திறமைக்குக் குறைவாக மதிப்பிட மாட்டேன். நம் ஓட்டுநர்களுக்கு ஒரே அறிவுரை: அவர் காட்டும் இடத்தில், காட்டும் நெருக்கத்தில் நிறுத்துங்கள், கைப்பிரேக்கைப் போடுங்கள், கதவைத் திறக்க இடமில்லையே என்று வாதிடாதீர்கள். தாழ்வான கார்கள் சாய்பலகையின் விளிம்பில் மெதுவாக ஏற வேண்டும். கொச்சியில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான் என்றாலும், சாய்வின் கோணம் வேளைக்கு வேளை மாறவே செய்யும்.

அந்த ஐந்து நிமிடத்தில் கடப்பது சாதாரண நீரை அல்ல. முகத்துவாரத்தை அடைத்துக்கிடந்த மணல் திட்டைத் துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் வெட்டி, 1928 மே 26 அன்று பத்மா என்னும் கப்பலை உள்ளே கொண்டுவந்தார்கள். அந்தக் கப்பற்பாதையைக் குறுக்கே கடந்துதான் ரோரோ போகிறது. வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்குப் போகும் கப்பல் உள்ளே வரும்போது சிறிய கலம்தான் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். அந்தத் தாமதத்தைக் குறையாகக் கொள்வது நியாயமாகாது. மழைக்காலத்தில் காயலிலிருந்து அடித்துவரப்படும் ஆகாயத்தாமரையும் அப்படித்தான். கொச்சியில் படகு ஓட்டும் எவருக்கும் அதனிடமிருந்து விடுதலை இல்லை.

நியாயமான குறை வேறு. இரண்டு கலங்களுக்கு மாற்றாக மூன்றாவது இல்லாத நிலையில்தான் இந்தச் சேவை தொடங்கப்பட்டது. உப்புநீரில் நாள் முழுவதும் ஓடும் கலத்தை அவ்வப்போது கரையேற்றிப் பழுதுபார்த்தே ஆக வேண்டும். ஒன்று பணிமனைக்குப் போனால் மற்றது தனியாக இரண்டு கரைகளுக்கும் உழைக்கிறது, வரிசை சாலைவரை நீள்கிறது, உள்ளூர் நாளிதழ்களில் அது செய்தியாகிறது. கலம் சரியாக இருக்கிறது, எண்ணிக்கைதான் சரியில்லை. பாலத்துக்கு ஈடாக ஒன்றை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு, பாதிப் பாலம் பழுதில் இருக்கிறது என்று ஆண்டுக்கொரு முறை சொல்ல முடியாது. மூன்றாவது கலம் கட்டும் முடிவை இந்தக் காரணத்தால்தான் நான் வரவேற்கிறேன். சொல்லப்போனால் அது தொடக்கத்திலேயே எடுத்திருக்க வேண்டிய முடிவு.

2023இல் தொடங்கிய வாட்டர் மெட்ரோவோடு இதை ஒப்பிடுபவர்கள் உண்டு. குளிரூட்டிய, மின்கலத்தில் ஓடும் அந்தப் படகுகள் இனிமையானவைதாம். ஆனால் வண்டியை ஏற்றாது. வசதி என்று பார்த்தால் ரோரோவில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை: டீசல் வாடை, இரைச்சல், வெயில். ஆயினும் நடந்துவருபவரிடம் ஒரு தேநீரின் விலைகூட வாங்காத சேவையிடம் நான் இருக்கை கேட்கத் துணியமாட்டேன்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியே வைப்பினுக்குப் போய், செராய் கடற்கரையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரோரோவில் ஃபோர்ட் கொச்சிக்கு இறங்குவது நல்ல ஏற்பாடு. அலுவலக நேரத்தையும் ஞாயிறு மாலையையும் தவிர்க்க வேண்டும். டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்சி என்னும் கிழவர் உருவபொம்மையை எரிப்பதைக் காணக் கூட்டம் திரளும்போது வண்டிகளுக்குக் காவல்துறை கட்டுப்பாடு விதிக்கும் என்பதால், அன்று காரை எர்ணாகுளத்திலேயே விட்டுவிடுங்கள். வரிசை துறையைத் தாண்டிச் சாலைக்கு வந்திருந்தால், எத்தனை கலங்கள் ஓடுகின்றன என்று சீட்டுக் கொடுப்பவரிடம் முதலில் கேளுங்கள். ஒன்றுதான் என்று பதில் வந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு பாலத்தின் வழியே போய்விடலாம்.