மனச்சோர்வுக்கு மூன்று கருவிகள்: ஆண், பெண் உடல் வித்தியாசத்தை எது கவனிக்கிறது?

மனச்சோர்வு மாத்திரைக்கு அடங்காதபோது, கத்தி வைக்காமல் நரம்பைத் தூண்டும் மூன்று வழிகள் இன்று பேசப்படுகின்றன. மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு தரும் டிஎம்எஸ், நெற்றி வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் டிடிசிஎஸ், மூளையிலிருந்து இதயம், வயிறு வரை ஓடும் வேகஸ் நரம்பைக் காது மடலில் வைத்துத் தூண்டும் கருவி. ஊரில் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்வார்களே, அந்த இசிடி வேறு, இவை வேறு. இவற்றில் மயக்க மருந்து இல்லை, வலிப்பு வரவழைப்பதும் இல்லை. முடிந்ததும் எழுந்து வேலைக்குப் போகலாம்.

செலவையும் நேரத்தையும் வைத்து இவற்றை ஒப்பிடும் கட்டுரைகள் நிறைய உண்டு. என் கேள்வி வேறு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். அப்படியானால், எதிரே உட்கார்ந்திருப்பவர் ஆணா பெண்ணா, மாதவிடாய் வருகிறவரா நின்றவரா என்பது எந்தக் கருவியின் கணக்கில் சேர்கிறது?

முதலில் டிஎம்எஸ். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு மனித மூளையில் முதலில் செய்து காட்டியது. 2008இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் முதல் நாளில் நடக்கும் அளவெடுப்பு. கம்மல், மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்றிய பிறகு, கை அசைவுக்கான மூளைப் பகுதிக்கு மேல் காந்தச் சுருளை வைத்து 'டக்' என்று ஒரு துடிப்பு. கட்டைவிரல் லேசாகத் துள்ளுகிறதா என்று பார்க்கிறார்கள். பத்து முறை தந்தால் ஐந்து முறையாவது விரல் துள்ளும் மிகக் குறைந்த வலிமை எதுவோ, அதுதான் அந்த ஆளின் அளவு. பெரும்பாலும் அதில் 120 சதவீதம் வைத்து இடது முன்மூளைக்குச் சிகிச்சை தருகிறார்கள். மண்டை சிறியதோ பெரியதோ, மூளை தோலிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அந்த வித்தியாசத்தில் பாதியை இந்தக் கட்டைவிரல் சரிசெய்துவிடுகிறது.

பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. மூளை எவ்வளவு எளிதில் தூண்டப்படுகிறது என்பது மாதம் முழுக்க ஒரே மாதிரி இருப்பதில்லை. பெண் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரோஜன் அதைக் கூட்டும். புரோஜெஸ்டிரோன் அதை அடக்கும். காந்தத் துடிப்பை வைத்தே இதை அளந்து காட்டிய ஆய்வு 1999இல் வந்துவிட்டது. சிகிச்சையோ வாரத்துக்கு ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். அதாவது ஒரு முழு மாதவிடாய்ச் சுழற்சியையும் தாண்டிப் போகிறது. முதல் நாள் எடுத்த அளவையே கடைசிவரை வைத்துக்கொண்டால், பெண் நோயாளிக்குச் சில நாள் கூடுதலாகவும் சில நாள் குறைவாகவும் போகலாம். இடையில் மறுபடி அளந்து பார்க்கச் சில நிமிடம்தான் ஆகும். வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலை இது என்பது என் உறுதியான கருத்து.

பலனில் வித்தியாசம் உண்டா? அமெரிக்காவில் 5,000 பேருக்கு மேல் டிஎம்எஸ் பெற்றவர்களின் பதிவேட்டை 2020இல் அலசியபோது, பெண்களுக்கு முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அதில் போலிச் சிகிச்சை (கருவியை வைத்தும் உண்மையான தூண்டல் தராதது) பெற்ற ஒப்பீட்டுக் குழு கிடையாது. அதனால் அந்தக் கூடுதல் கருவியால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. 2008இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு நின்றவர்களைவிட நல்ல பலன் என்றது. 'பெண்களுக்கு டிஎம்எஸ் நன்றாக வேலை செய்யும்' என்று மொத்தமாகச் சொல்வது இதனால்தான் எனக்கு ஒப்பவில்லை. 28 வயதுக்காரரும் 58 வயதுக்காரரும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல.

அப்புறம் டிடிசிஎஸ். விலை குறைவு, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். சிக்கல் அளவில்தான். யாராக இருந்தாலும் பொதுவாக 2 மில்லி ஆம்பியர், அரை மணி நேரம். காந்தப் புலத்துக்கு எலும்பு ஒரு தடையே இல்லை. மின்சாரத்துக்கு எலும்பு பெரிய தடை. மாதவிடாய் நின்ற பெண்களில் ஒரு பகுதியினருக்கு நெற்றி எலும்பின் உட்பக்கம் தடித்துப் போவது மருத்துவர்களுக்குப் பழகிய விஷயம்; ஆண்களிடம் அது அரிது. மின்முனை வைப்பதோ அதே நெற்றிப் பக்கம். இது போதாதென்று முடியும் எண்ணெயும் வேறு. கூந்தலுக்குள் மின்முனை வைக்கும் வகையில் அடர்த்தியான, எண்ணெய் தடவிய முடி இருந்தால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வது இதற்குத்தான்.

முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண். 2017இல் பிரேசிலில் 245 பேரிடம் நடந்த சோதனையில், போலிச் சிகிச்சையைவிட மேல் என்று தெரிந்தாலும் எஸிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரைக்கு ஈடு என்று நிறுவ முடியவில்லை. 2023இல் ஜெர்மனியில் 160 பேரிடம், மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தும் போலிக்கும் அசலுக்கும் வித்தியாசம் இல்லை. 2024இல் வீட்டிலேயே பயன்படுத்திய 174 பேரில் அசல் பெற்றவர்களில் 45 சதவீதமும் போலி பெற்றவர்களில் 22 சதவீதமும் நோயிலிருந்து மீண்டார்கள். அந்த 174 பேரில் 120 பேர் பெண்கள். ஆய்வுக்கு வருகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள். அளவு மட்டும் எல்லோருக்கும் ஒன்று. இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

காது வழிக் கருவியில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்மல் போடும் இடமல்ல, மடலின் மேல் குழிவில் வைப்பது. உறுத்தல் தெரியத் தொடங்கும் அளவைப் பார்த்து மின்சாரத்தை வைப்பார்கள். சராசரியாகப் பெண்களுக்கு அது சீக்கிரம் தெரிந்துவிடும், ஆக அவர்களுக்கு அளவு குறைந்துவிட வாய்ப்புண்டு. ஓய்வில் இருக்கும்போது இதயத்தின் மீது வேகஸ் நரம்பின் பிடி பெண்களிடம் சராசரியாகக் கூடுதல் என்பதும் தெரிந்ததே. மனச்சோர்வில் இந்தக் கருவிக்கான ஆதாரம் மற்ற இரண்டைவிடக் குறைவு.

ஆண்கள் பக்கமும் கவனிக்க வேண்டியது உண்டு. மனச்சோர்வைக் குடியில் மறைக்கும் ஆண் டிஎம்எஸ்ஸுக்கு வந்தால், அதிகக் குடியும் அதைத் திடீரென்று நிறுத்துவதும் வலிப்பு அபாயத்தைக் கூட்டும். பொதுவாக டிஎம்எஸ்ஸில் வலிப்பு மிக அரிது. இவரிடம் அந்தக் கணக்கு மாறும். குடிப்பதை மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கர்ப்ப காலத்தில்தான் மாத்திரைக்கு மாற்று அதிகம் தேடப்படுகிறது. 22 கர்ப்பிணிகளிடம் நடந்து 2019இல் வெளியான டிஎம்எஸ் சோதனையில், அசல் பெற்ற 11 பேரில் 9 பேருக்கும் போலி பெற்ற 11 பேரில் 5 பேருக்கும் முன்னேற்றம். அசல் குழுவில் 3 குழந்தைகள் சில வாரம் முன்னதாகப் பிறந்தன. சுருளின் காந்தப் புலம் சில சென்டிமீட்டரிலேயே தேய்ந்துவிடும், வயிறு வரை போகாது. ஆனாலும் 22 பேரை வைத்து பயமில்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது.

இன்றைக்கு ஒருவர் கேட்டால் என் வரிசை டிஎம்எஸ், டிடிசிஎஸ், காதுக் கருவி என்றுதான் இருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும். பெண்ணாக இருந்தால் ஒரு வேண்டுகோள் சேரும்: கடைசியாக மாதவிடாய் வந்த தேதியைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், இரண்டாவது வாரத்தில் கட்டைவிரல் அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.