தலைவலிக்கு காரணம் காகிள்ஸ்தான்: மாத்திப் பார்த்த 6 மாச அனுபவம்

நீச்சல் அடிச்சுட்டு வந்தா தலைவலி வருதுன்னு சொல்றவங்க முதல்ல உங்க காகிள்ஸ எடுத்து பாருங்க. நான் வாரத்துக்கு 4 நாள் நீந்துவேன், 20 நிமிஷம் தாண்டினா போதும், புருவத்துக்கு மேல ஒரு அழுத்தம் ஆரம்பிக்கும், போகப்போக நெத்தி முழுக்க பரவிடும், கரையேறும்போது யார்கூடயும் பேசக்கூட பிடிக்காது. தண்ணி பத்தலயோன்னு தண்ணி குடிச்சேன், குளோரினா இருக்குமோன்னு நினைச்சேன், கண் பவர் கூட செக் பண்ணிட்டேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் பாதியிலயே காகிள்ஸ கழட்டி வெச்சுட்டு படியில சும்மா உக்காந்திருந்தேன், மாத்திரை எதுவும் போடல, கொஞ்ச நேரத்துல வலி தானா இறங்கிடுச்சு. அப்பதான் பொறி தட்டுச்சு. உங்க புருவத்துல மூக்கு பக்கமா விரல வெச்சு மெதுவா தடவி பாருங்க, எலும்புல ஒரு சின்ன பள்ளம் தட்டுப்படும், நெத்திக்கு போற நரம்பு அந்த வழியாத்தான் வெளிய வருது. பழைய காகிள்ஸ் கண் குழிக்குள்ள உக்கார்ற சின்ன மாடல், அதோட விளிம்பு சரியா அந்த பள்ளத்து மேலயே அமுக்கிட்டு இருந்துச்சு, தண்ணி உள்ள வருதேன்னு நான் வேற ஸ்ட்ராப்ப இறுக்கிட்டே போயிருக்கேன். இதுக்கு டாக்டர்கள் தனியா பேரே வெச்சிருக்காங்க, வெளி அழுத்தத்தால வர்ற தலைவலின்னு. 2018ல வந்த சர்வதேச தலைவலி வகைப்பாட்டுல இது இருக்கு, அழுத்தத்த எடுத்த 1 மணி நேரத்துக்குள்ள வலி போயிடணும்ங்கிறதும் அதுலயே இருக்கு. ஹெல்மெட் போட்டு வர்ற வலியும் இதே வகைதான்.

இப்ப போடுறது மாஸ்க் மாதிரி பெரிய மாடல். சிலிகான் விளிம்பு மெத்துன்னு அகலமா இருக்கு, புருவத்துக்கு மேலயும் கன்ன எலும்பு மேலயும் போய் உக்காருது, அதனால அழுத்தம் ஒரே இடத்துல விழாம பரவிடுது. பின்னாடி ஸ்ட்ராப் ரெண்டா பிரியுது, ஒண்ண தலையோட பின்பக்க மேட்டுக்கு மேலயும் இன்னொண்ண கீழயும் விட்டா லூசா இருந்தாலும் நகராது. முதல் வாரத்துலயே வித்தியாசம் தெரிஞ்சுது, 6 மாசமா அந்த புருவ வலி ஒரு தடவ கூட வரல, முழு நேரமும் நீந்த முடியுது, அந்த சந்தோஷத்த சொல்லத்தான் இவ்வளவு எழுதுறேன்.

குறையும் இருக்கு. மேடையில இருந்து டைவ் அடிச்சா நகர்ந்து தண்ணி புகுந்துடுது, போட்டிக்கு நீந்துறவங்களுக்கு இது சரிப்படாது. பனி பிடிக்காம இருக்க உள்பக்கம் பூச்சு இருக்கு, விரலால தேய்ச்சா போயிடும், நான் அப்படி தேய்ச்சு வலது பக்கம் இப்ப மங்கலாயிடுச்சு. நீந்தி முடிச்சதும் நல்ல தண்ணியில அலசிடுங்க, குளோரின் சிலிகான சீக்கிரம் கெடுத்துடும்.

இன்னொரு விஷயம், எல்லா தலைவலிக்கும் காகிள்ஸ் காரணம் இல்ல. வார்ம் அப் இல்லாம நேரா வேகமா 4 லேப் அடிச்சப்ப எனக்கு ரெண்டு பக்கமும் விண்ணு விண்ணுன்னு துடிக்கிற மாதிரி வேற ஒரு வலி வந்துச்சு, அது உடற்பயிற்சியால வர்றது, ஓடுறவங்க வெயிட் தூக்குறவங்க யாருக்கு வேணும்னாலும் வரலாம், வெயில் காலத்துலயும் மலை மேலயும் இன்னும் அதிகம். அதுக்கு முதல் 10 நிமிஷம் மெதுவா நீந்தி சூடேத்திக்கிறது, மூச்ச தம் கட்டி பிடிக்காம தண்ணிக்குள்ள சீரா விட்டுட்டே இருக்குறது, முன்னாடியே தண்ணி குடிச்சுக்குறது, இதுதான் எனக்கு உதவுச்சு. ஆனா இடி விழுந்த மாதிரி திடீர்னு தாங்க முடியாத வலி, வாந்தி, கழுத்து இறுக்கம், ரெட்டையா தெரியறது, மயக்கம் இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க, மூளையில ரத்தக்கசிவா கூட இருக்கலாம். இதெல்லாம் இல்லாட்டியும் பயிற்சியில வர்ற வலி முதல் தடவையா இருந்தா, அதுவும் 40 வயசு தாண்டியிருந்தா, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க ப்ளீஸ்.

வாங்கும்போது ஸ்ட்ராப்ப மாட்டாம காகிள்ஸ மட்டும் கண்ணுல வெச்சு லேசா அமுக்கி கைய எடுத்து பாருங்க, ரெண்டு மூணு செகண்ட் தானா ஒட்டி நிக்கணும். நின்னா உங்க முகத்துக்கு பொருந்துதுன்னு அர்த்தம், இறுக்கவே வேண்டாம். உடனே விழுந்துட்டா எவ்வளவு நல்ல காகிள்ஸா இருந்தாலும் வேண்டாம். என் தங்கச்சிக்கு முகம் சின்னது, என்னோடத வெச்சு பார்த்தா கன்னத்துகிட்ட இடைவெளி விழுந்துச்சு, அவளுக்கு இதுலயே சின்ன சைஸ்தான் ஒட்டுச்சு.