தீனித்தட்டுக்கு வரும் பறவைகள்: ஈபேர்டா, ஐநேச்சுரலிஸ்டா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் லயத்துப் பின்வாசலில், செம்பனை தொடங்கும் இடத்தில் கொஞ்சம் நொய்யும் பாதிப் பப்பாளியும் வைத்தால் போதும். மைனா, கொண்டைக்குருவி, புள்ளிப்புறா எல்லாம் வரும். (சோறு வேண்டாம், இந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் புளித்துவிடும்.) வந்ததை எதில் பதிவது? பறவைப் பட்டியல்களுக்கான ஈபேர்டிலா, எல்லா உயிரினத்தையும் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்டிலா? இரண்டும் இணையத்தில் பொதுமக்கள் பதியும் தளங்கள். தீனித்தட்டுக்கென்றே இருக்கும் ஃபீடர்வாட்ச் என்ற பறவைக் கணக்கெடுப்பு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும்தான். அதன் எண்ணும் விதியை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

ஈபேர்ட் 2002இல் தொடங்கியது. அது தனிப் பறவையைக் கேட்பதில்லை, பட்டியலைக் கேட்கிறது. நகராமல் ஓரிடத்தில் பார்க்கும் வகையைத் தேர்ந்து, தொடங்கிய நேரத்தையும் நிமிடக் கணக்கையும் கொடுக்க வேண்டும். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா என்று கடைசியில் கேட்கும். 'ஆம்' என்றால், பட்டியலில் இல்லாதது உங்கள் கண்ணில் படவில்லை என்று பொருள். ஆய்வாளருக்கு இதுதான் தங்கம். "மைனாதானே, தினமும் வருகிறதே" என்று அதை விட்டுவிட்டு 'ஆம்' போடுபவர்கள்தான் கணக்கைக் கெடுக்கிறார்கள்.

எண்ணிக்கையிலும் ஒரு குழி உண்டு. 8:00க்கு 3 மைனா, 8:10க்கு 5, 8:20க்கு 4. எழுத வேண்டியது 5, 12 அல்ல. போனதே திரும்பி வந்திருக்கும். ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்சம்தான் கணக்கு. ஃபீடர்வாட்ச் விதி இதுதான்.

2008இல் வந்த ஐநேச்சுரலிஸ்டில் ஒரு படம், ஒரு பதிவு. எது வரவில்லை என்பதை அது சொல்லாது. ஆனால் பெயர் தப்பினால் திருத்த ஆள் உண்டு. நாம் சிட்டுக்குருவி என்று பொதுவாகச் சொல்வது இங்கே பெரும்பாலும் மரச்சிட்டு: உச்சி காவி, வெள்ளைக் கன்னத்தில் கரும்புள்ளி. ஊர்ச்சிட்டுக்கு அந்தப் புள்ளி இல்லை. கன்னம் தெரியப் படம் எடுத்தால் மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். கருத்துச் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் 'ஆய்வுத் தரம்' கிடைக்கும். வீட்டு இடத்தை மங்கலாக்கும் வசதியும் அதில் உண்டு. ஈபேர்டில் இடப்பெயராக வீட்டு எண்ணைத் தட்டாதீர்கள்.

தட்டுக்கு ஈபேர்ட், பெயர் தெரியாத பறவைக்கு ஐநேச்சுரலிஸ்ட் என்பது என் கணக்கு. பக்கத்து வீட்டுக் கூண்டில் கூவும் மெர்போக் புறாவை ஈபேர்டில் சேர்க்கக் கூடாது; ஐநேச்சுரலிஸ்டில் போட்டால் 'வளர்ப்பு' என்று குறித்துவிடுங்கள்.